காப்பு

தாலிச் சங்கிலியில் ஊக்குகளைக் கோத்து வைத்திருக்கும் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. புடவைக்கு இரண்டு, அவசரத்துக்கு இரண்டு என எப்போதும் நான்கு ஊக்குகள் அதில் தொங்கும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மதுரையில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் நின்றபோது, அந்த நான்கையும் கழற்றித் தரும்படி செவிலியர் ஒருவர் கேட்டார். கொண்டை ஊசிகளையும் கேட்டார். உள்ளே இருந்தவன் என் தம்பி.

இனி வாழ விருப்பமில்லை என்று ஓர் இரவு அவனே என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருந்தான். மறுநாள் காலையிலேயே அழைத்துச் சென்றோம். சேர்க்கைப் படிவத்தில் அவனே கையெழுத்திட்டான். பிறகு அவன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். இடைவார், காலணிக் கயிறு, சவர பிளேடு, ஹார்லிக்ஸ் பாட்டில், கைப்பேசி மின்னூட்டி, கம்பிச் சுருள் போட்ட குறிப்பேடு. எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். பத்தாண்டுகளாக வங்கியில் பிறர் பணத்துக்குப் பொறுப்பாக இருந்தவனிடம் ஒரு காலணிக் கயிற்றை நம்பிக் கொடுக்க மறுக்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஐந்து வரை. ஒரு நோயாளிக்கு இருவர் மட்டும். ஒரு கதவு மூடிய பிறகே அடுத்த கதவு திறக்கும். நான் கொண்டுபோன எவர்சில்வர் தூக்கிலிருந்த இட்லியைப் பிளாஸ்டிக் தட்டுக்கு மாற்றி, தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து, எல்லோரையும் முகம் பார்த்து, கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டு போனார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினரும் நோயாளியுடன் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது என்று படித்திருந்தேன். இங்கே ஏன் அப்படி இல்லை என்று கேட்டேன். இந்தப் பிரிவில் முதல் சில வாரங்களுக்கு இதுதான் முறை என்றார்கள்.

மூன்றாம் நாள் தம்பி எழுதுவதற்கு ஒரு பேனா கேட்டான். புத்தகத்துக்குத் தடையில்லை. தடித்த நாவல் ஒன்றின் முதுகுப்புற இடைவெளியில் பந்துமுனைப் பேனா ஒன்றைச் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேர்வறையில் துண்டுத்தாள் வைத்திருக்கும் மாணவர்களைப் பிடித்துக் கண்டிக்கிறவள் நான். அன்று எனக்குச் சிறிதும் கூச்சமில்லை.

அன்றிரவே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் அந்தச் செவிலியர் என்னைத் தனியே உட்காரவைத்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"மேடம், உங்க தம்பிய நெனச்சு நான் பயப்படல. அவரு எழுதிட்டு மேல வச்சிட்டுத் தூங்கிடுவாரு. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவர உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

என்னிடம் பதில் இல்லை. விதிகள் அனைத்தும் என் தம்பியின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்த அறையில் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கும் வீட்டில் ஓர் அக்காள் இருக்கக்கூடும் என்பதும் என் கண்ணில் படவே இல்லை. அன்று முதல் செவிலியர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ஸ்கெட்ச் பேனாவில் தம்பி எழுதினான்.

அன்று பேருந்தில் திரும்பும்போது 'காப்பு' என்ற சொல் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காவல் என்றும், கைவளை என்றும், நூலின் முகப்பில் வைக்கும் வணக்கம் என்றும் அதற்குப் பொருளுண்டு. குற்றவாளிக்குப் பூட்டும் விலங்கையும் பேச்சு வழக்கில் காப்பு என்கிறோம். பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டும் அப்பகுதியில், அத்தெய்வங்களின் கொலைத்தொழிலைப் பாடுதல் ஆகாது என்கிறது பாட்டியல் இலக்கணம். காக்க வருகிற கடவுளே ஆனாலும் கொலைத்தொழிலை வாசலில் விட்டுவிட்டுத்தான் தொட்டிலை நெருங்க வேண்டும். பல ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லி வருகிறேன். என் ஊக்குகளைக் கழற்றச் சொன்னவரிடம் மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

காப்பு விலங்காகவும் மாறும் என்பதைத் தமிழ்நாடு அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஓடிப்போகாமல் இருக்க, தங்களுக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் இருக்க என்றுதான் அந்தச் சங்கிலிக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கும். மனிதனைக் கட்டிவைப்பது ஒன்று. அவனைச் சுற்றியுள்ள தீங்கை அகற்றிவிட்டு அவனை நடமாட விடுவது வேறொன்று. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதையும் தண்டனையாகச் செய்யக் கூடாது, காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. வாசலில் நிற்கும் உறவினர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது: இந்த விதி ஆளைக் கட்டுகிறதா, ஆபத்தை அகற்றுகிறதா?

ஒன்பதாம் நாள் நான் போனபோது முதல் கதவே திறக்கவில்லை. "இன்னிக்கு யாரையும் பாக்க வேணாம்னு சொல்றாரு" என்றார் அதே செவிலியர்.

இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறேன், அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன், நான் அவனுடைய அக்காள் என்றெல்லாம் சொன்னேன்.

"நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லிட்டேன் மேடம். வேணாம்னு சொல்றதும் அவரோட உரிமைதான்."

பார்வையாளரைச் சந்திக்கவும் மறுக்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பின்னர்தான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பொருள்களை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இந்த ஒன்றை மட்டும் அவனிடமே விட்டிருந்தார்கள் என்பதுதான். வேண்டாம் என்று சொல்லும் சொல். அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தவள் நான்தான்.

உடனே திரும்பிப் போக மனம் வரவில்லை. வெளியே இருந்த பெஞ்சில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் கதவு திறந்தது. தம்பி சவரம் செய்துகொண்டிருந்தான். பணியாளர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். முடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"நேத்து அஞ்சு மணி வரைக்கும் வெளிய உக்காந்திருந்தியாமே, அக்கா?"

"ஆமாடா."

"எதுக்கு?"

"அஞ்சரைக்குத்தான் பஸ்ஸு."

அவன் சிரித்தான். சேர்த்த நாளிலிருந்து அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். மேலும் பன்னிரண்டு நாள்கள் அங்கே இருந்தான். இப்போது வேலைக்குப் போகிறான், மாத்திரைகளும் தொடர்கின்றன. அவன் வீட்டுக்கு வந்த அன்று, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பந்துமுனைப் பேனாவும் அதில் இருந்தது.