யாஷி நகரமும் ஒரு குவளைத் தண்ணீரும்

ருமேனிய நாட்டின் வடகிழக்கு மூலையில், குன்றுகளின் மீது அமைந்திருக்கும் பழம்பெரும் நகரம் யாஷி. ஒரு காலத்தில் மொல்தாவியா என்னும் தனியரசின் தலைநகராக அது விளங்கியது. நாட்டின் முதல் நவீனப் பல்கலைக்கழகம் 1860-இல் தோன்றியதும் இங்கேதான். வேனிற்காலத்தில் செல்வோரை லிண்டன் மரங்களின் பூமணமும், அதனை அடுத்து ஆலயங்களின் கோபுரங்களும் வரவேற்கின்றன. 1639-ஆம் ஆண்டைச் சேர்ந்த மூன்று மறைவல்லுநர் ஆலயத்தின் வெளிச்சுவர் முழுவதும் கல்லிலே பின்னிய பூவேலையாகக் காட்சி தருகிறது. மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் சபையினர். எனினும் கத்தோலிக்கருக்கும் 1884 முதல் இங்கே மறைமாவட்டம் உண்டு. யூதர்களின் பெரிய செபக்கூடம் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. அந்நாட்டில் எஞ்சி நிற்கும் யூத செபக்கூடங்களுள் அதுவே மூத்தது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் யூதர். இன்று அங்கு வாழும் யூதர் சில நூறு பேரே. மற்றவர் எங்கே? இக்கேள்வியைக் கேளாமல் கோபுரங்களை மட்டும் கண்டு திரும்புவோர் யாஷியைக் கண்டவர் ஆகார்.

அதிதூதரின் பெயரால்

1923-இல் புகாரெஸ்ட் நகரின் வக்கரெஷ்டி சிறையில் கொர்னேலியு கொத்ரியானு என்னும் இளைஞன் அடைக்கப்பட்டிருந்தான். கொலைச் சதி செய்தான் என்பது குற்றச்சாட்டு. சிறைக் கோவிலில் இருந்த அதிதூதர் புனித மிக்கேலின் திருவுருவம் அவன் உள்ளத்தைக் கவர்ந்தது. விடுதலையான பின், 1924-இல், யாஷியின் காவல்துறைத் தலைவரை அவன் சுட்டுக் கொன்றான். நீதிமன்றமோ அவனை விடுவித்தது. 1927-இல் இதே யாஷியில் ‘அதிதூதர் மிக்கேலின் படையணி’ என்னும் இயக்கத்தை நிறுவினான். பின்னாளில் ‘இரும்புக் காவல்’ என்று உலகம் அறிந்தது இதனையே.

பச்சைச் சட்டை அணிந்த இளைஞர் செபமும் பாடலுமாகச் சிற்றூர்களை வலம் வந்தனர். பாலம் கட்டினர், கோவிலைப் பழுது பார்த்தனர். கூடவே, யூதரே நாட்டின் பகைவர் என்றும் போதித்தனர். குருக்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களது கட்சி மூன்றாம் இடத்தைப் பெற்றது. மிக்கேல் என்னும் பெயரை நம் பிள்ளைகளுக்கு இட்டு மகிழும் நாம், அப்பெயரையே பகைமையின் கொடியாக்கவும் மனிதரால் முடிந்தது என்பதை எண்ணித் திடுக்கிட வேண்டாமா?

அரசுகளும் அதே வழியிற் சென்றன. 1937-இன் இறுதியில் பதவியேற்ற கோகா அமைச்சரவை ஏழு வாரங்கூட நீடிக்கவில்லை. அதற்குள் யூதரின் குடியுரிமையை ஆராயும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதனால் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1938 பிப்ரவரியில் மன்னர் இரண்டாம் கரோல் மக்களாட்சியை ஒழித்துத் தாமே சர்வாதிகாரியானார். 1940-இல் சோவியத் நாட்டுக்கும் ஹங்கேரிக்கும் பல்கேரியாவுக்கும் நிலத்தைப் பறிகொடுத்த பின், அவர் முடிதுறந்து வெளியேறினார். பதினெட்டு வயது மகன் மிகாய் அரியணை ஏறினார். ஆனால் அதிகாரமெல்லாம் தளபதி இயோன் அந்தோனெஸ்குவின் கையில் இருந்தது. முதலில் இரும்புக் காவலரோடு கூடி ஆண்ட அவர், 1941 ஜனவரியில் அவர்கள் கிளர்ந்தபோது படைகொண்டு அடக்கினார். பச்சைச் சட்டைகள் மறைந்தன. பகைமையோ தெருவை விட்டு அரசு அலுவலகத்துக்குக் குடியேறிற்று.

அந்த ஞாயிறு

1941 ஜூன் 22-ஆம் நாள் ருமேனியா, ஜெர்மனியின் பக்கம் நின்று சோவியத் நாட்டோடு போர் தொடுத்தது. எல்லைக்கருகில் இருந்த யாஷியின் மேல் குண்டுகள் விழுந்தன. விமானங்களுக்கு யூதரே சைகை காட்டினர் என்ற வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. யூதரை நகரினின்று அகற்றுமாறு அந்தோனெஸ்கு ஆணையிட்டார். ஜூன் 28 இரவு தொடங்கி, காவலரும் ருமேனிய, ஜெர்மானியப் படைவீரரும் வீடு வீடாகப் புகுந்தனர். நேற்றுவரை வணக்கம் சொல்லிய அண்டை வீட்டார் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர். மறுநாள் ஞாயிறு, புனித பேதுரு, பவுல் திருநாள். உயிர் தப்பியோர் அதனை ‘அந்த ஞாயிறு’ என்றே பின்னர் குறிப்பிட்டனர்.

காவல்துறைத் தலைமையக முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். முதலில் சிலருக்கு ‘விடுதலை’ என்று முத்திரையிட்ட சீட்டுகள் வழங்கப்பட்டன. அச்சீட்டைப் பெறலாம் என நம்பித் தாமாகவே வந்தோரும் உண்டு. பிற்பகலில் முற்றத்தை நோக்கித் துப்பாக்கிகள் முழங்கின.

எஞ்சியவர்களைச் சரக்கு இரயில் பெட்டிகளில் திணித்து, காற்றுப் புழையையும் அடைத்து அனுப்பினர். ஒரு வண்டி சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போது இலோயேய் என்னும் ஊரை அடைய எட்டு மணி நேரம் ஆயிற்று. மற்றொன்று ஏறத்தாழ 2,500 பேருடன் கடுங்கோடையில் ஒரு வாரம் அலைந்து, ஜூலை 6-இல் தெற்கே கலராஷை அடைந்தபோது, உயிரோடிருந்தவர் ஏறத்தாழ 1,000 பேர். அவர்களுட் பலரைக் கொன்றது தாகம். ஒரு வாய்த் தண்ணீருக்காக மோதிரத்தைக் கழற்றித் தந்தவர் உண்டு. இப்படுகொலையில் மாண்டோர் 13,000-க்கும் மேற்பட்டவர் என்பது இன்று தெரிந்த கணக்கு. அன்றைய அரசு அறிவித்ததோ ‘500 யூதப் பொதுவுடைமையினர் சுடப்பட்டனர்’ என்பதே.

இருளில் சில விளக்குகள்

அந்நாளில் யாஷியின் சரரியே தெருவில் இரஸ்மெரித்சா என்னும் குரு, யூதர் சிலரைக் காப்பாற்ற முயன்றபோது அவர்களோடு தாமும் சுடப்பட்டு மாண்டார்.

இரயில் சென்ற வழியில் உரோமன் என்னும் சிறுநகர் உள்ளது. அங்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவியாயிருந்தவர் வியோரிகா அகாரிச் அம்மையார். போர்முனையிலிருந்து வந்த காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்ய நிலையத்தில் நின்றவர், அடைத்த பெட்டிகளிலிருந்து எழுந்த முனகலைக் கேட்டார். காவலரின் தடையைப் பொருட்படுத்தாது, பெட்டிகளைத் திறக்கச் செய்து, தண்ணீரும் உணவும் கொடுக்க வைத்தார். பிணங்கள் இறக்கப்பட்டன. உயிரோடிருந்தோர் உடல் கழுவி மூச்சுவிட்டனர். ஊராரோ அம்மையாரைத் தூற்றினர். பதவியைத் துறந்து அவர் புகாரெஸ்டுக்குச் செல்ல நேர்ந்தது. 1983-இல், அவர் மறைந்த பின்னரே, இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையிற் சேர்த்தது.

புகாரெஸ்டில் திருத்தந்தையின் தூதுவராயிருந்த பேராயர் அந்திரேயா கசூலோ, தலைமை ரபி அலெக்சாந்த்ரு ஷஃப்ரானின் வேண்டுகோளை ஏற்று, அந்தோனெஸ்குவின் அரசிடம் பன்முறை பரிந்து பேசினார். 1943-இல், யூதர் நாடு கடத்தப்பட்டிருந்த திரான்ஸ்நிஸ்திரியப் பகுதிக்கே நேரிற் சென்று வந்தார். மன்னரின் தாய் எலேனாவும் அவர்களுக்காக மன்றாடினார். உயிர்கள் பல காக்கப்பட்டன. மாண்டோர் தொகையோ மிகப் பெரிது. எலி வீசல் தலைமையிலான குழு 2004-இல் அளித்த அறிக்கைப்படி, ருமேனிய ஆட்சிக்குட்பட்ட நிலங்களில் அழிந்த யூதர் 2,80,000 முதல் 3,80,000 வரை. ஏறத்தாழ 25,000 ரோமா நாடோடி மக்களும் நாடு கடத்தப்பட்டனர்.

1944 ஆகஸ்ட் 23-இல் இளமன்னர் மிகாய், அந்தோனெஸ்குவைக் கைது செய்வித்தார். 1946-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. ஆயினும் நாட்டுக்கு விடியவில்லை. பொதுவுடைமைச் சர்வாதிகாரம் வந்தது. யாஷியின் ஆயர் அந்தோன் துர்கோவிச் 1949-இல் கைதானார். 1951 டிசம்பரில் வடக்கே சிகெத் நகரச் சிறையில் பசியாலும் குளிராலும் நலிந்து உயிர் நீத்தார். 2014-இல் யாஷியில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் வழங்கப்பட்டது. எலி வீசல் பிறந்ததும் அதே சிகெத் நகரில்தான். யூதச் சிறுவனாய் 1944-இல் அவர் அங்கிருந்துதான் அவுஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார். இரு கொடுமைகளும் ஒரே ஊரின் மீது நிழல் விரித்தன.

அன்றைய காவல்துறைத் தலைமையகம் 2021 முதல் நினைவுக் காட்சியகமாக விளங்குகிறது. யாஷிக்குச் செல்வோர் ஆலயங்களில் செபித்த பின் அங்கும் சற்று நிற்பது நன்று. ஏனெனில், அக்கொடுமையைச் செய்தோரில் பலர் திருமுழுக்குப் பெற்றவர். ஆண்டவரின் பெயரை நாவில் ஏந்தியவர். இறுதி நாளில் நம்மிடம் கேட்கப்படுவது எந்தக் கொடியைச் சுமந்தாய் என்பதாக இராது. தாகமுற்றவனுக்கு என்ன செய்தாய் என்பதாகவே இருக்கும். அயலானைப் பற்றி இழிசொல் ஒன்று நம் இல்லத்தில் எழும்போதே, அதனைப் பிள்ளைகள் செவியிற் படாமல் தடுப்போமானால், அதுவும் உரோமன் நிலையத்தில் கொடுக்கப்பட்ட தண்ணீரின் ஒரு துளியே ஆகும்.