கிடாயின் முதுகு

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கத்தில் நாங்கள் வளர்ப்பது மெட்ராஸ் ரெட் என்று ஏடுகளில் குறிக்கப்படும் செம்மறி. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களின் சொந்த இனம். கம்பளி கிடையாது, உடலெங்கும் செம்பழுப்பு முடிதான். கிடாய்க்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. வளர்ந்த கிடாய் ஏறத்தாழ 35 கிலோ நிற்கும். காட்டாங்குளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பல்லாண்டுகளாகப் பேணியும் ஆராய்ந்தும் வருகிறது.

பக்ரீதுக்குக் கிடாய் வாங்க வருபவர் முதலில் பல்லைப் பார்ப்பார். பிறகு, விலா முடிந்து இடுப்பு தொடங்குமிடத்தில் முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் அழுத்துவார். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் மெலிவு. எலும்பே தெரியாமல் மெத்தென்று அமுங்கினால் கொழுப்பு. நிறைந்தும் இறுகியும் இருந்தால்தான் சதை. அமெரிக்கக் கண்காட்சிகளில் சிறுவர்கள் வளர்த்துக் கொணரும் குட்டிகளை நடுவர்கள் தொட்டுப் பார்ப்பதும் இதே இடத்தைத்தான்.

சதைக்கு மூலம் புரதம். பால் மறந்த மூன்று மாதக் குட்டிக்கு அடர்தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு வரை புரதம் இருக்க வேண்டும். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்பு ஆகியவற்றைக் கலந்து கொடுக்கிறோம். பசுந்தீவனத்துக்கு அகத்தியும் வேலிமசாலும். குட்டி பெரிதாகப் பெரிதாகப் புரதத்தின் தேவை குறையும். அதன்பின் கூடுதலாக அள்ளிப்போடும் தானியம் கொழுப்பாகவே படியும்.

தொட்டியை நிரப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். தானியத்தைத் திடீரெனக் கூட்டினால் துள்ளுமாரி வரும். அது மெலிந்த குட்டியை விட்டுவிட்டு, நன்றாகத் தின்று கொழுத்த குட்டியையே ஓரிரவில் கொண்டுபோகும். மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுவது இதனால்தான். தவிடும் தானியமும் மிகுந்தால் மணிச்சத்து ஏறிக் கிடாயின் சிறுநீர்த்தாரையில் கல் அடைக்கும். சுண்ணாம்புச்சத்து மணிச்சத்தைப்போல் இருமடங்கு இருக்குமாறு பார்த்துக்கொள்வதும், தண்ணீர் குறையாமல் வைப்பதும்தான் காப்பு.

தீவனம் எடையைத் தரும். அதை இறுக்குவது நடை. முன்பு இதைப்பற்றி யாரும் யோசித்ததில்லை. ஏரி வற்றியதும் உள்வாயில் முளைக்கும் புல்லைத் தேடி ஆடு நாளெல்லாம் நடந்தது, மேய்ச்சலே பயிற்சியாயிற்று. இன்று வெளிவட்டச் சாலை வந்துவிட்டது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. மனைகளாய்ப் பிரிந்த நிலத்தில் ஆடு கொட்டிலில் நின்றே தின்கிறது. ஆகவே காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து, தெருநாய்களை விலக்கி, ஏரிக்கரைச் சரிவில் ஏற்றி இறக்கி நடத்துகிறோம். ஆட்டை நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்களைப் பார்த்து அண்டைவீட்டார் சிரிப்பதுண்டு.

தென்மாவட்டங்களில் முட்டுக்கிடாய் வளர்ப்பவர்கள் இதை நன்கறிவர். பருத்திக்கொட்டையும் பயறும் கொடுப்பதோடு நில்லாமல் மணலில் நடத்துவர். நீரில் நீந்த விடுவர். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சண்டையை நாங்கள் விரும்புவதுமில்லை. ஆனால் அந்த வளர்ப்பில் ஓர் அறிவு இருக்கிறது. பாய்வதற்குமுன் பின்வாங்கும் தகரைத் திருவள்ளுவர் காலமறிதலில் உவமை ஆக்கினாரே, அந்தப் பின்வாங்கலுக்கும் பின்னந்தொடையில் வலு வேண்டும். கட்டுத்தறியில் நின்ற கால்களுக்கு அது வராது.

உயிரெடைக்கு விலை பேசும் காலம் இது. கொழுப்பும் சதையும் தராசில் ஒன்றுதான். நிற்கவைத்துத் தீனி போட்டால் பத்துக் கிடாய்களைத் தேற்றிவிடலாம், வரவும் கூடும். எங்கள் வீட்டில் நடத்திச்செல்ல இருப்பது மூன்று பேர். ஆளுக்கு இரண்டு கயிறுதான் பிடிக்க முடியும். இந்த ஆண்டு ஆறு கிடாய்களோடு நிறுத்திக்கொண்டோம்.