பொறுமையும் பிணியும்

ஆங்கிலம் அறியாதாரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'பேஷண்ட்' என்பதும் ஒன்று. மருத்துவமனை வாயிலில் நிற்போர் அனைவரும் அதனை நாவிற் கொண்டிருப்பர். நம்மிடம் அறபு இலக்கணம் பயிலும் மாணவரொருவர், "நோயாளிக்கும் பொறுமையுடையார்க்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்தது எவ்வாறு, ஹஜரத்?" என வினவினார். நல்ல வினா.

இலத்தீன் மொழியில் 'பதி' என்னும் வினை துன்புறுதல், தாங்குதல் எனப் பொருள்படும். அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. தாங்குபவர் பொறுமையாளர், நோவைத் தாங்குபவர் நோயாளி. ஒரு வேர் இவ்வாறு இரு கிளையாயிற்று.

தமிழில் 'நோன்றல்' என்றால் பொறுத்தல்; நோன்பும் அவ்வினத்துச் சொல்லே. ஆயின் நோயாளி என்பதில் பொறுமைக்கு இடமில்லை. முதலாளி, தொழிலாளி போன்று, நோயை உடையவர் என்பதே அதன் பொருள்.

அறபியில் நோயாளி 'மரீள்', பொறுமை 'ஸப்ர்'. ஸப்ர் என்பதைப் பொறுமை என்றே பெயர்த்துப் பழகிவிட்டோம். அதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்தல், பிடித்துவைத்தல் என்பர் அகராதியாசிரியர். உள்ளத்தைப் பதற்றத்தினின்று தடுத்து நிறுத்துவதால் பொறுமைக்கு அப்பெயர் வந்தது. தப்ப இயலாதவாறு பிடித்துவைத்துக் கொல்லப்பட்டவனையும் 'ஸப்ரன்' கொல்லப்பட்டான் என்பது அறபு வழக்கு. விலங்குகளைக் கட்டிவைத்து இலக்காக்கிக் கொல்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அங்கு வரும் வினையும் இவ்வேரினதே.

அவ்விடத்தை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் ஏர்வாடியில் வாழும் நமக்கு நாத் தழுதழுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இவ்வூர்த் தர்காவை அண்டி இயங்கிய மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது வலியுல்லாஹ்வின் வாயிலை நாடி, பல சமயத்தாரும் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட உறவுகள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை வழக்காக ஏற்றது. நோயாளியைச் சங்கிலியிடுவது எவ்வகையிலும் ஆகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துவிட்டது. மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்க வேண்டுமெனத் தர்காவிலேயே அரசின் சிகிச்சைத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

சொல்லாராய்ச்சி இங்கே வெறும் ஏட்டுக் கல்வியாக நின்றுவிடுவதில்லை. தன் உள்ளத்தைத் தானே கட்டுவது ஸப்ர் என்னும் நற்பண்பு. பிறர் உடலைக் கட்டிவைத்து, அவர் வாளாவிருப்பதைப் பொறுமை என்று பாராட்டுவது அப்பண்பின் பெயரைத் திருடுவதாகும். பிணியாளர் பொறுக்கிறார் என்பதற்காக நாம் மருந்தைத் தாமதிக்க உரிமை பெறவில்லை.

தொலைவிலிருந்து பிள்ளையையோ உடன்பிறந்தாரையோ அழைத்துவரும் எளியோர் நம்மிடம் வழி கேட்பதுண்டு. "ஸப்ரு செய்யுங்கள்" என்னும் சொல் நம் நாவுக்கு எளிதாக வரும். அதற்கு முன்னரே மருத்துவர் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுகிறோம், துஆவும் ஓதுகிறோம். கட்டு அவிழ்ந்தவரிடமன்றோ பொறுமையைப் பற்றிப் பேச இயலும்!