ஜப்பானுக்குப் போகும் முன்

அடுத்த மாதம் கல்லூரிக் குழுவோடு பத்து நாள் ஜப்பான் போகிறேன். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்க ரொம்பக் குளிருமாடா?" கொடைக்கானலைத் தாண்டி, போளூரில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது!

என் கவலை வேறு. அடுத்தவர் ஊரில் எப்படி நடந்துகொள்வது? அதற்காகக் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் விசாரித்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்கும் பழக்கம்தான். அங்கே கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடக் கூடாது. சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டு வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கொடுப்பதும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அந்த முறையில்தான். (இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம் வீட்டில் சண்டை போடுகிறவர்களுக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும்.) பொதுக் குளியல் தொட்டியில் இறங்கும் முன்பே வெளியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். தொட்டித் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ரயிலில் போன் பேசக் கூடாது. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். நம் குப்பையை நாமே பையில் சுமக்க வேண்டும்.

"பத்து நாளுக்கு இவ்வளவா?" என்றான் ஒரு நண்பன்.

நான் விருந்தாளிகள் வரும் ஊர்க்காரன். எங்கள் அருவிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் நல்லவர்கள். ஆனால் அவர்கள் போன பிறகு பாறை இடுக்கில் பாட்டில் பொறுக்குவது நாங்கள். உடைந்த கண்ணாடி காலில் ஏறினால், அது எங்கள் கால்.

2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி. அதே மாதம் ஜப்பானில் ஃபூஜிகவாகுச்சிகோ என்ற ஊரில், ஃபூஜி மலை தெரிகிற இடத்தை மறைத்துக் கறுப்புத் திரை கட்டினார்கள். படம் எடுக்க வந்தவர்கள் குப்பை போட்டார்கள், கண்ட இடத்தில் சாலையைக் கடந்தார்கள். சொல்லிப் பார்த்து அலுத்துப்போய்த்தான் திரை. சில மாதத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சொந்த மலையைத் தாங்களே மறைக்க எவ்வளவு நொந்திருப்பார்கள்! அந்த வலி எனக்குத் தெரியும்.

பாட்டி மலைப்பூண்டு கொடுத்துவிடுவேன் என்று அடம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அங்கே விடமாட்டார்கள் என்று சமாதானப்படுத்தியாகிவிட்டது. பதிலாகச் சின்னாளபட்டி சுங்கடித் துணி வாங்கியிருக்கிறேன். ஐந்து துண்டு. நான்கு ஆகாது, நான்குக்கும் சாவுக்கும் அங்கே ஒரே உச்சரிப்பு, 'ஷி'. இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதைப் பாட்டி எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் 'இத்தெகிமாஸ்' என்பார்கள். அர்த்தம்: போயிட்டு வரேன்.