மூன்று மாதக் கணக்கு

தமிழ்நாட்டில் நாய்க்குப் பெயர் வைப்பதற்கு யாரும் அதிகம் மெனக்கெடுவதில்லை. மணி என்று குரல் கொடுத்தால் தெருவில் பாதி நாய்கள் திரும்பிப் பார்க்கும். எங்கள் மணியும் அப்படிப் பெயர் பெற்றவன்தான். 2017 மழைக்காலத்தில் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழ் ஒதுங்கிய நான்கு குட்டிகளில் ஒருவன். மற்ற மூன்றும் தெருவிலேயே வளர்ந்தன. இவன் மட்டும் படியேறி உள்ளே வந்துவிட்டான். செம்பழுப்பு உடம்பு, வெள்ளைக் கால்கள், மடிந்து தொங்கும் இடது காது. என்ன ஜாதி நாய் என்று கேட்பவர்களிடம், நாய் ஜாதி என்று சொல்லிவந்தேன்.

2023இல் மனைவிக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மூன்றாண்டு ஆய்வுப்பணி கிடைத்தது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். உடன் போவதில் சிக்கலில்லை. மணியை என்ன செய்வது என்ற கேள்வியை நாங்கள் இருவரும் ஒரு வாரம் வரை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு மனைவி ஒருநாள் இரவு, "அவனும் வரான்" என்றாள். அத்துடன் அந்த விவாதம் முடிந்தது.

நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் தவறாமல் தருமரை இழுத்தார். நாயில்லாமல் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றவர் அல்லவா! ஆனால் அந்தக் கதையை எல்லைக்காவல் பணியின் பக்கமிருந்து பார்த்தால் இந்திரன்மீது சற்று மரியாதை பிறக்கிறது. நாயோடு வருகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்ற விதியை அவன் நேராகச் சொல்லிவிட்டான். படிவம் கேட்கவில்லை. அந்த நாயும் தர்மதேவதையாக மாறிக் கடைசி நேரத்தில் சிக்கலைத் தீர்த்துவிட்டது. மணியிடம் அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்பதைக் கால்நடை மருத்துவர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் சில்லு. ஓர் அரிசிமணி அளவுக்கு இருக்கும் அதை ஊசிவழியே கழுத்துத் தோலின் அடியில் செலுத்துவார்கள். அதற்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன்பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுக்க வேண்டும். அதை ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பவேண்டும். எதிர்ப்புப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக்கூடாது. அது தேறிய பிறகும் உடனே கிளம்பமுடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும்.

"இவனுக்குத்தான் வருஷாவருஷம் ஊசி போட்டிருக்கே டாக்டர்" என்றேன். ஆறு வருட அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "அது மணிங்கற நாய்க்குப் போட்டது சார். எந்த மணின்னு அவங்க கேப்பாங்க." சில்லுக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. எண்ணில்லாத நாய்க்குப் போட்ட ஊசி போடாத ஊசிதான். அந்த அக்டோபரில் மணி தன் பெயருடன் ஒரு பதினைந்து இலக்கத்தையும் பெற்றுக்கொண்டு, மறுபடியும் முதல் ஊசியிலிருந்து வாழ்க்கையைத் தொடங்கினான். நவம்பர் 6ஆம் தேதி ரத்தம் எடுத்தார்கள். சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்பினோம். மணிக்கு முன்னால் அவன் ரத்தம் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது.

நல்ல முடிவுதான் வந்தது, 0.5 என்ற கோட்டுக்கு வெகுமேலே. நண்பர்கள் அனைவரும் கேட்டது ஒரே கேள்வி: தேறிய பிறகு எதற்கு மூன்று மாதம்? வெள்ளைக்காரன் திமிர் என்றார் ஒருவர். நம் ஊர் நாயென்றால் இளப்பம் என்றார் இன்னொருவர். அந்தக் கேள்விக்கு விடை சொன்னது என் அம்மா.

அம்மா தாமிரபரணிக் கரைக்காரி. தீபாவளிக்குப் பிறகு எங்களை வழியனுப்பும்வரை இருப்பதாகச் சொல்லி சென்னைக்கு வந்திருந்தாள். அம்மா வருகிறாள் என்றால் மணி மொட்டைமாடிக்குப் போய்விடவேண்டும் என்பது எங்கள் வீட்டு எழுதாத சட்டம். அவள் நாயை அடித்ததில்லை, திட்டியதுமில்லை. நாய் இருக்கும் அறைக்குள் வரமாட்டாள், அவ்வளவுதான். என் சிறுவயதிலும் எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததில்லை. அதற்கான காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று மாதக் கணக்கை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "சரியாத்தாம்ல வச்சிருக்கான்" என்றாள். "ஆடியில கடிச்சுது. ஐப்பசியில போயிட்டான்."

அவள் தம்பியைச் சொன்னாள். 1961. அவனுக்கு ஒன்பது வயது. கடித்ததும் பெரிய நாயில்லை, தெருவில் விளையாடக் கொண்டுவந்த குட்டி. கையில் சின்னப் பல்தடம். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். இரண்டு நாளில் ஆறிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்பது எல்லாரும் அறிந்ததுதான். குட்டி கடித்ததற்கா பதினான்கு ஊசி என்று பாட்டி மனமிரங்கினாள். ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கியபோது தொண்டை இழுத்துக்கொண்டது. வீடு ஆற்றங்கரையில். மழைக்காலத்து வெள்ளம். இரவெல்லாம் தண்ணீரின் சத்தம் கேட்கும் வீடு. "கதவையெல்லாம் அடைச்சுப் போட்டோம். ஆத்தை என்ன செய்ய முடியும்?" என்றாள் அம்மா. அறுபத்திரண்டு வருடத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான்.

வெறிநோய்க் கிருமி கடிவாயிலிருந்து நரம்புவழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. பெரும்பாலும் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள்வரை ஆகும். அபூர்வமாக ஒரு வருடத்துக்கு மேலும் நீளும். அந்தக் காலத்தில் கடிபட்ட உடம்பு வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். மூளையை எட்டி அறிகுறி தோன்றிவிட்டால் அதன்பிறகு மருந்து அநேகமாகப் பயனில்லை. ரத்தம் எடுத்த நாளுக்கு முன்பே ஒரு நாய் கடிபட்டுக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தால், அந்த மூன்று மாதத்திற்குள் அது வெளிப்பட்டுவிடும் என்பதே விதியின் நியாயம். எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட காலவரையும் என் அம்மாவின் மனத்தில் ஆடியிலிருந்து ஐப்பசிவரை எழுதப்பட்டிருந்த காலவரையும் ஒன்றாகவே இருந்தன. அதற்குப்பிறகு மூன்று மாதம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. ஐப்பசியில் ரத்தம் எடுத்தோம், தையில் கிளம்பலாம் என்று மட்டும் சொன்னேன்.

இந்த நோய்க்கு மருந்து கிடைக்காத காலமல்ல அது. பாரிஸில் லூயி பாஸ்டர் தன் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட்டது 1885 ஜூலையில். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இலேயே வந்துவிட்டது. அந்தப் பதினான்கு ஊசி மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது; வலியும் அதிகம், பக்கவிளைவும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தியாவில் அதைக் கைவிட்டு, கையில் போடும் நவீன ஊசிக்கு முழுமையாக மாறினார்கள். இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகின் வெறிநோய் மரணங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தியாவில்தான் நிகழ்கிறது. இறப்பவர்களில் குழந்தைகள் அதிகம்.

நாங்கள் போகவிருந்த நாட்டிலும் ஒருகாலத்தில் வெறிநோய் இருந்திருக்கிறது என்பதை அந்தக் காத்திருப்பு நாட்களில் படித்தேன். அங்கே அதைச் சுமந்தவை காட்டு நரிகள். வளைகளில் நச்சுப்புகை அடித்து நரிகளைக் கொன்று பார்த்தார்கள், நோய் நிற்கவில்லை. 1978இல் சுவிட்சர்லாந்தின் ஒரு பள்ளத்தாக்கில் கோழித்தலைகளுக்குள் தடுப்புமருந்தை வைத்து நரிகள் நடமாடும் இடங்களில் போட்டார்கள். தின்ற நரிக்கு நோய் வரவில்லை. 1983இல் ஜெர்மனி அந்த முறையை எடுத்துக்கொண்டது. பிறகு விமானத்திலிருந்து மருந்து வைத்த இரையைக் காடுகள்மேல் தூவினார்கள். 2008இல் நரிவழி வெறிநோய் அங்கே முற்றாக ஒழிந்தது. கால் நூற்றாண்டு உழைப்பு. தன் காட்டு நரிகளுக்கெல்லாம் மருந்து ஊட்டி முடித்த நாடு, வாசலில் நிற்கும் நாயைப் பார்த்து மூன்று மாதம் பொறு என்கிறது. இளப்பமென்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கும் நரிக்கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப இங்க இதுகளுக்கு யாரு போடுவா?" என்று வாசலைக் காட்டினாள். வாசலில் மணியின் கூடப்பிறந்த மூவரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

பயண ஆயத்தம் அன்றிலிருந்து இரண்டானது. வீட்டுக்குள்ளே மணிக்குக் கூண்டுப் பழக்கம். ஐயாட்டா எனப்படும் விமானச் சங்கத்தின் விதிப்படி கூண்டுக்கு அளவெடுக்க ஒரு கணக்கு உண்டு: மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்துடன் முன்னங்காலின் உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். மணிக்கு 80 சென்டிமீட்டர் வந்தது. நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமிருக்கவேண்டும். இரண்டு மாதம் அவன் சோறு அதற்குள்ளேதான். முதலில் தலையை மட்டும் நீட்டித் தின்றான், பிறகு பாதி உடம்பு, பிறகு முழுதாக. மார்கழிக் குளிரில் தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மயக்கமருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் கூடவே கூடாது என்றார். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும். ஜெர்மனியில் ரயிலில் ஏறப் பெரிய நாய்க்கு வாய்ப்பூட்டு வேண்டும் என்பதால் அதற்கும் தனிப் பயிற்சி.

வெளியே, தெருவுக்கான ஆயத்தம். ஒரு சமூகத்தின் நாய்களில் பத்துக்கு ஏழுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. எங்கள் தெருவில் அப்போது ஏழு நாய்கள். மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உதவியாளருடன் வந்தார். தெருமுனை இஸ்திரிக்கடைக்காரர்தான் அவற்றுக்கு அன்றாடம் சோறிடுகிறவர். அவர் கூப்பிட்டதும் ஐந்து வந்துவிட்டன. ஒன்றை வலைபோட்டுப் பிடித்தார்கள். கடைசி ஒன்று மூன்று வாரம் அகப்படாமல் அலைக்கழித்துப் பொங்கலன்று இஸ்திரிக்கடைக்கு அடியில் தூங்கும்போது மாட்டியது. ஏழுக்கும் சேர்த்து ஆன செலவு, மணியின் ரத்தத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிய கூரியர் கூலியைவிடக் குறைவு. இந்தியா இந்த நோயை 2030க்குள் ஒழிப்பதென 2021இல் தேசியத் திட்டம் வகுத்திருக்கிறது. அதில் எங்கள் தெருவின் பங்கு ஏழு ஊசிகள்.

ஒரு நோட்டில் அவற்றைப் பதிவு செய்தேன். ஏழில் மூன்றுக்கு மணி என்றே பெயர். எந்த மணி என்ற கேள்வி இப்போது எனக்கும் வந்தது. சில்லுக்கு வழியில்லை. 'கடைசி வீட்டு மணி', 'நொண்டி மணி', 'சாம்பல் மணி' என்று அடையாளம் எழுதினேன்.

புறப்பாட்டுக்கு முன் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் மணியைக் காட்டிச் சான்றிதழ் வாங்கவேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பிய வாசலில் நிற்கவேண்டும். அதிகாரி சில்லு படிக்கும் கருவியை மணியின் கழுத்தில் வைத்தார். பதினைந்து இலக்கங்கள் திரையில் தோன்றின. தாளில் உள்ளவற்றோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்துவிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினார். திரும்பும் வழியில் சதுப்புநிலத்தில் வலசைப் பறவைகள் இறங்கியிருந்தன. அவற்றிடம் யாரும் தாள் கேட்பதில்லை என்று மனைவி சொன்னாள்.

அவனைக் கேட்காமல் அழைத்துப்போகிறோமே என்ற உறுத்தல் எனக்கு இல்லாமலில்லை. இங்கே அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தார்கள், குரைக்கத் தெரு இருந்தது. அங்கே தெருநாயே கிடையாது, கயிற்றுமுனையில் வாழ்க்கை. அவனுக்காகவா எங்களுக்காகவா என்று கேட்டால், எங்களுக்காக என்பதுதான் நேர்மையான பதில். செய்யக்கூடியதெல்லாம், அந்தச் சுயநலத்துக்கு அவன் கொடுக்கும் விலையை எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதுதான்.

கிளம்பும் இரவில் அம்மா கூடத்துக்கு வந்தாள். மணி கூண்டுக்கு வெளியே படுத்திருந்தான். அவள் அவனைத் தொடவில்லை. தன் பழைய நூல்சேலையை நான்காக மடித்துக் கூண்டுக்குள் விரித்து, ஓரங்களை இழுத்துவிட்டாள்.

நோட்டை இஸ்திரிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். 2025 ஜனவரியில் லைப்சிக்குக்கு அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நோட்டின் பக்கம். ஆறு பெயர்களுக்கு நேரே புதிய தேதி. சாம்பல் மணியின் பெயரைக் கோடிட்டு அடித்து, லாரி என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் எட்டாவதாக ஒரு வரி: 'குட்டி மணி, முதல் ஊசி.'