ஆச்சியின் பேட்டி

உளவியல் ஆய்வில் சேர்ந்தால் முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆய்வை வழிநடத்தும் மேடம் கொடுத்தது ஒரு ஹெட்போன். பழைய பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, பேசியது பேசியபடியே எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். 'ம்', இருமல், பாதியில் விட்ட வாக்கியம் எதையும் விடக் கூடாது. கார்ல் ராஜர்ஸ் 1942இல் வெளியிட்ட புத்தகத்தில், ஒருவருக்கு ஆலோசனை அளித்த எட்டு அமர்வுகளையும் பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் அச்சிட்டிருந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால் நடப்பதை மற்றவர்கள் படித்து ஆராய முடிந்தது. அந்த வழியில் வந்த வேலை என்று முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வு, சென்னையில் ஐ.டி. வேலைக்குப் போகும் இளம் தாய்மார்களைப் பற்றியது. அவர்கள் மனம் விட்டுப் பேச இடம் கிடைப்பதே பெரும்பாடு. வீட்டு ஹாலில் மாமியார், அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர். பலர் மொட்டை மாடியிலிருந்தும் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்திலிருந்தும்தான் பேசினார்கள்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் வரும் மோதலை கிரீன்ஹாஸ், பியூட்டெல் இருவரும் 1985இல் மூன்றாகப் பிரித்தார்கள். நேரம் போதாமை ஒன்று. ஓரிடத்து அழுத்தம் இன்னோரிடத்தில் தொற்றுவது இன்னொன்று. ஓரிடத்தில் எடுபடும் நடத்தை மற்ற இடத்தில் செல்லாமல் போவது மூன்றாவது. முதல் இரண்டும் சட்டென்று தெரிந்துவிடும். மூன்றாவதற்குத்தான் காது பழக வேண்டும். டீமில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவர், வீட்டில் சாம்பாரா ரசமா என்று முடிவு செய்ய முடியாது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அந்தச் சிரிப்பை எழுத்தில் குறிக்காவிட்டால் மிஞ்சுவது சமையல் குறிப்பு.

ஆறுதல் சொல்ல வாய் துடிக்கும். "கவலைப்படாதீங்கக்கா" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்பார் மேடம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பேட்டியை நிறுத்தி, ஆலோசகரிடமோ 14416 டெலி மானஸ் எண்ணிலோ சேர்த்துவிட வேண்டும். ஆய்வெல்லாம் அப்புறம்.

எனக்குப் பிடித்தது ஜீனோகிராம் எனும் குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பிணக்குக்கு நெளிகோடு. பேனாவைக் கையில் கொடுத்துவிட்டால் கேள்வியே தேவைப்படாது. ஒரு பெண் தன் அம்மாவின் வட்டத்தை ஓரமாகப் போட்டு, "அம்மா வந்து குழந்தையைப் பாத்துக்கிறாங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது: அந்த அம்மா திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றியவர். கையில் சொந்தச் சம்பாத்தியம், பேசப் பழகப் பக்கத்தில் நாலு பெண்கள். பேரன் பிறந்ததும் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு அடுக்ககத்தின் ஏழாவது மாடிக்கு வந்துவிட்டார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; பெயரை மட்டும் மாற்றினால் போதாது.)

மகளுக்கு வேலை நிலைத்தது, ஆச்சிக்கு வேலை போனது. எங்கள் கேள்வித்தாளில் அவர் 'குடும்ப ஆதரவு' என்ற கட்டத்துக்குள் ஒரு டிக். "ஆச்சியையும் பேட்டி எடுக்கலாமா மேடம்?" என்றேன். "எடுக்கலாம்மா. ஆனா நெறிமுறைக் குழுகிட்ட திருத்தம் போட்டு அனுமதி வாங்கணும்" என்றார்.

அனுமதி வந்துவிட்டது. ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது என்பதால், ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டும்போது இதில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். மகள் ஆகாது, நாங்களும் ஆகாது. ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.