செவிசாய்க்கும் முறை

ஹாம் வானொலிக் கருவியின் முன் அமரும் நாம் முதலில் கற்கும் பாடம் அடக்கம். பண்பலையில் குரல் தெளிவாக ஒலிக்கும். ஆயினும் அது 10 கிலோஹெர்ட்சுக்கும் மேல் இடம் கேட்கும். ஒற்றைப் பக்கப்பட்டை முறையோ, சுமப்பலையையும் ஒரு பக்கப்பட்டையையும் துறந்து, ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடும். மோர்ஸ் குறிகளுக்குச் சில நூறு ஹெர்ட்ஸே போதும். அகலம் குறையும்போது கேட்கும் கருவியும் தன் வாயிலைக் குறுக்கி இரைச்சலை விலக்க இயல்வதால், அதே ஆற்றல் நெடுந்தொலைவு எட்டுகிறது.

எனினும், ஒற்றைப் பக்கப்பட்டையில் வரும் பேச்சை, சுமப்பலையை எதிர்நோக்கும் பழைய வீச்சலை முறையில் கேட்டால், வாத்தின் கரைதலே செவியில் விழும். குறை பேசுபவரிடம் இல்லை. முறையை மாற்ற வேண்டியவர் கேட்பவரே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானின் தொலைபேசித் தொடர்பைக் குலைத்தபோது, அன்றைய போர்ட் பிளேரில் தங்கியிருந்த ஹாம் வானொலியர் வாயிலாகப் பலருடைய நலச்செய்தி கடல் கடந்து உறவினரைச் சேர்ந்தது. அக்கரையில் எவரோ அதே அலைவரிசையில், அதே முறையில் செவிசாய்த்திருந்ததாலன்றோ அது கைகூடிற்று!

நம் இல்லத்திலேயே நம்மை அழைப்பவர்க்கு, நாம் எம்முறையில் செவிசாய்த்திருக்கிறோம்?